ஏழு பேருக்கு அறுபது பொட்டலம்

தைப்பூசம் முடிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்னால் உள்ள கோப்பிக் கடையில் எங்கள் குழுவினர் ஒன்பது பேர் கூடினோம். மேசைமேல் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் 11,460 வெள்ளி (ரிங்கிட்). தண்ணீர்ப் பந்தல் செலவு போக மிஞ்சியது கொஞ்சம். வீதியில் படுத்துறங்குகிறவர்களுக்கு என்று சொல்லியே வாங்கியது மீதி. பொருளாளர் நான். எண்ணி முடித்து ரப்பர் வளையம் மாட்டினேன். அதன்பிறகு இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

வழக்கம்போல் வாரந்தோறும் சமைத்துக் கொடுப்போம் என்றார் ஒருவர். பழைய கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து இல்லம் தொடங்குவோம் என்றார் இன்னொருவர்; பெயர்ப்பலகையின் வாசகம்கூட அவரிடம் தயாராக இருந்தது. இது அரசாங்கத்தின் வேலை, சமூகநல இலாகாவுக்குப் போன் செய்தால் போதும் என்றார் மூன்றாமவர். கோலாலம்பூரில் இதில் பழுத்த அமைப்புகள் இருக்கின்றன, அவர்களிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றார் நாலாமவர். அறை பிடித்துக் கொடுக்கலாமே என்று ஓர் அக்கா மெதுவாகச் சொன்னது, மீ கோரெங் தட்டுகள் வந்த சத்தத்தில் அமுங்கிப்போனது.

அடுத்த கூட்டத்துக்குள் எல்லா வழிகளுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். போட்டேன். கணக்கோடு என் சாய்வும் சேர்ந்தே வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

யார் இவர்கள்?

எங்கள் ஊரில் வீடின்றி இரவைக் கழிப்பவர்கள் ஏழு பேர். இது குத்துமதிப்பு இல்லை. மூன்று இரவுகள் மோட்டாரில் சுற்றி எண்ணியது. கடைவரிசையின் ஐந்தடிப் பாதையில் (கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதை) நான்கு பேர், பஸ் நிலையத்தில் ஓர் அம்மா, கைவிடப்பட்ட பட்டறை ஒன்றில் இரண்டு பேர். அதில் இருவர் என் அம்மா வேலை செய்த தோட்டத்துக்காரர்கள். ஒருவர் என்னைத் தூக்கி வைத்திருந்திருக்கிறார். கோலாலம்பூரில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை, இந்தச் சங்கடமும் இல்லை.

தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் வீடிழப்பதற்கு ஒரு தனி வழி உண்டு. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. வேலை நின்ற அன்று, தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டின் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்பது ஆண்டு ரப்பர் மரம் சீவியவர், 55 வயதில் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாமல் வெளியே வந்து நிற்பார். பிள்ளைகள் தலையெடுத்திருந்தால் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு கிடைக்கும். இல்லாவிட்டால் பணம் இரண்டு மூன்று ஆண்டில் கரையும். 1950களிலிருந்து நடந்த தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது), பிறகு ரப்பர் அழிந்து செம்பனை வந்தது, அதற்கும் பிறகு தோட்ட நிலமே வீடமைப்புத் திட்டமானது என்று ஒவ்வொரு அலையிலும் லயங்கள் இடிந்தன. இடிந்த லயத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எப்படியோ கரையேறிவிட்டார்கள். ஏறாத சிலர்தான் இந்த ஐந்தடிப் பாதையில்.

ஏழு பேரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. மூன்று பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இரண்டு பேரிடம் அடையாளக் கார்டு இல்லை, தொலைந்துவிட்டது. ஒருவரிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. மலாயாவிலேயே பிறந்தும் காகிதம் இல்லாததால் குடியுரிமை வாராமல் போனவர். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு பெர்மிட் வேண்டும் என்றானபோது இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இவருடைய தந்தை ஏறவில்லை. ஒருவர் சம்சு எனும் மலிவுச் சாராயத்துக்கு அடிமை. இன்னொருவர் குடிப்பதே இல்லை. கார் கழுவும் கடையில் நாள் கூலிக்கு வேலை செய்கிறார், ஆனால் அறை எடுக்க முன்பணம் ஒருபோதும் சேருவதில்லை. வேலைக்குப் போகிறவர் எப்படி வீதியில் தூங்குவார் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். மூன்றரை மாத வாடகையை ஒரே நாளில் எடுத்து வைக்கச் சொன்னால் அவர்கூடத் தடுமாறுவார் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டுப் பொட்டலம்

சாப்பாடு கொடுப்பதில் எங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். சனிக்கிழமை மாலை அண்டாவை அடுப்பில் ஏற்றினால் அறுபது பொட்டலத்துக்குக் குறைந்து சமைக்க யாருக்கும் கை வராது. ஏழு பேருக்கு அறுபது பொட்டலம். மீதியை பஸ் நிறுத்தத்தில் நிற்கும் வங்காளதேசத் தொழிலாளர்களிடம் கொடுப்போம். அவர்கள் மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். அதில் தவறில்லை, பசி யாருடையதாக இருந்தாலும் பசிதான். ஆனால் நாங்கள் வசூலித்தது அதற்காக அன்று. கணக்கெழுதும்போது எனக்கு அது உறுத்தும்.

போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமையை மறக்க முடியாது. எங்களுக்கு முன்பே மூன்று குழுக்கள் வந்து போயிருந்தன. ஐந்தடிப் பாதையில் படுத்திருந்த ஓர் ஐயாவின் தலைமாட்டில் பிரியாணிப் பொட்டலங்கள் ஏழு அடுக்கியிருந்தன. எட்டாவதாக நாங்கள் நீட்டியதையும் இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்து, "நல்லா இருக்க வேண்டும்" என்று வாழ்த்தினார். நாங்கள் திரும்பி நடந்தபோது பின்னால் நாய்கள் சண்டையிடும் சத்தம் கேட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை அதே ஐயா கோப்பிக் கடையில் யாரோ மிச்சம் வைத்த ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். பண்டிகைக்கு எட்டு, செவ்வாய்க்கு ஒன்றுமில்லை. எல்லாருடைய தருமமும் ஒரே நாளில் வந்து கொட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் பொட்டலம் என்றால் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், மேலே ஒரு பாக்கெட் இனிப்புப் பானம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி நாட்டில் வயதுவந்த ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது மூன்றில் ஒன்றை நெருங்கியது. பட்டறையில் தங்கும் இருவரில் ஒருவருக்குக் குதிகாலில் ஆறாத புண். அவருக்கு நாங்கள் சனிக்கிழமைதோறும் ரோஸ் பாண்டான் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தோம். அரசாங்க கிளினிக்கில் சீட்டு எடுக்க ஒரு வெள்ளிதான். அந்த ஒரு வெள்ளியையும், கூட்டிப்போக ஓர் ஆளையும் கொடுத்திருந்தால் சர்பத்தைவிட உபகாரமாக இருந்திருக்கும்.

பஸ் நிலையத்து அம்மா எங்கள் வரிசைக்கு வந்ததே இல்லை. ஆண்கள் கூடும் இடத்துக்கு அவர் வரமாட்டார். ஒரே இடத்தில் இரண்டு இரவு படுக்கவும் மாட்டார். வரிசையில் நின்றவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்ததால் இரண்டு ஆண்டு அவரை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எங்கள் குழுவின் பெண்கள் இரவில் நடந்தே போய்ப் பேச்சுக் கொடுத்த பிறகுதான் ஏழு என்ற எண் வந்தது.

இதையெல்லாம் சொல்வதால் சாப்பாடே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014-இல் கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். சாப்பாடு கொடுப்பதால்தான் இவர்கள் நகருக்குள் சேருகிறார்கள் என்பது வாதம். பெரிய எதிர்ப்பு எழுந்து அந்தப் பிடி தளர்ந்தது. தளர்ந்தது சரிதான். பசித்தவன் சோற்றுக்காக வீடிழப்பதில்லை. என் சண்டை அண்டாவோடுதான்.

அதனால் சாப்பாட்டுக்கு வேறு வழி தேடினேன். சந்தைப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பேசினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு வெள்ளி என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். வேண்டியதைக் கேட்டு, மேசையில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போல் சாப்பிடலாம். சர்க்கரை இல்லாத கோப்பி கேட்கலாம். ஏழு பேருக்கும் முப்பது நாளுக்குக் கணக்கிட்டால் மாதம் 1,470 வெள்ளி. அதை மட்டும் செய்தால் டின்னில் உள்ள பணம் ஏழு மாதத்துக்குமேல் தாங்கும். கடைக்காரர் முதலில் தயங்கினார்; மற்ற வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். பிறகு, குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார். எங்கே குளிப்பது என்று நான் கேட்டேன். கடையின் பின்பக்கக் குழாயைக் காட்டினார். அறுபது பொட்டலம் சமைத்த காலத்தில் குளிப்பது பற்றி யாரும் பேசியதே இல்லை.

இல்லம் தொடங்குவது

இதற்குத்தான் கூட்டத்தில் கைதட்டு அதிகம். கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். கணக்கு மட்டும் ஒத்துழைக்கவில்லை. கடைவீட்டு வாடகை 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரவு பகல் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆளைக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு வைத்தாலும், ஒரு கிலோ அரிசி வாங்குவதற்கு முன்பே மாதம் 2,900. டின் நான்கு மாதம்கூடத் தாங்காது. ஐந்தாம் மாதம் ஏழு பேரையும் மறுபடி வெளியே அனுப்ப வேண்டும். அதைச் செய்யும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

சட்டமும் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு ஊராட்சி மன்றம், தீயணைப்புத் துறை என்று பல வாசல் ஏற வேண்டும். அந்த விதிகள் வேண்டாதவை என்று சொல்ல மாட்டேன். முதியவர்கள் தூங்கும் மாடியில் ஒரே ஒரு படிக்கட்டு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். பத்து ஆண்டுக்குத் தொடர்ந்து பணம் போடும் புரவலர் கிடைத்தால் இதைத் திரும்பப் பார்க்கலாம். பிஸ்கட் டின்னை நம்பி இல்லம் தொடங்கக் கூடாது.

அரசாங்கத்திடம் ஒப்படைப்பது

15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழைத்தால் சமூகநல இலாகாவுக்குத் தகவல் போகும். அதற்குப் பிறகு நடப்பது ஆளுக்கு ஆள் மாறும்.

உழைக்கும் வயதுக்காரர் என்றால் 1977-ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின் கீழ் அழைத்துச் செல்லப்படலாம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் மூன்று ஆண்டு வரை அரசாங்க இல்லத்தில் இருக்க வேண்டிவரும். டேசா பினா டிரி என்ற அந்த இல்லங்கள் மெர்சிங், ஜெராந்துட் போன்ற தூரத்து ஊர்களில் இருக்கின்றன. கார் கழுவும் கடையில் வேலை செய்கிறவரை அப்படி ஏற்றி அனுப்பினால் அவருக்கு இருக்கும் ஒரே பிடிமானமான வேலையும் போய்விடும். அவருக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல் அதுதான்.

அறுபதைத் தாண்டி, உறவினர் இல்லாமல், தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவர் என்றால் ருமா ஸ்ரீ கெனாங்கான் எனும் முதியோர் இல்லம் உண்டு. பேராக்கில் அப்படி ஒன்று இருக்கும் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் மேலே சொல்ல வேண்டியதில்லை. 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அந்த ஊரில் இருப்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்யப் பயன்படுத்தும் பெயர் அது. முதியோர் இல்லம் வேறு, மருத்துவமனை வேறு. அதை விளக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அறுபதைத் தாண்டிய ஐயா ஒருவரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே அவர் பாயைச் சுருட்டினார். கைலியை உதறிக் கட்டினார். "என் புத்தி நன்றாகத்தானே இருக்கிறது, தம்பி. என்னை ஏன் அங்கே அனுப்பப் பார்க்கிறீர்கள்?" என்றார். அதன்பிறகு இரண்டு வாரம் எங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, கட்டில் எல்லாம் உண்டு என்பது உண்மை. சிலருக்கு அது மிக நல்ல இடமாகவே அமையும். போவதற்கு மனம் வேண்டும். அந்த மனத்தை ஒரே மாலையில் வரவழைக்க முடியாது என்பதைத் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

இருந்தாலும் இலாகாவை விட்டுவிட முடியாது, விடவும் கூடாது. ஏனென்றால் முதியோர் உதவித்தொகை அங்கிருந்துதான் வருகிறது. 2021-இல் மாதம் 500 வெள்ளியாக இருந்தது, 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 600 ஆனது. அறை வாடகைக்கும் கோப்பிக்கும் அது போதும். ஆனால் அதற்கு அடையாளக் கார்டு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், ஒரு முகவரி வேண்டும். ஐந்தடிப் பாதைக்குக் கதவெண் கிடையாது. கார்டு தொலைத்தால் அபராதம் உண்டு. தொலைக்கத் தொலைக்க அது ஏறும். பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர் எத்தனை முறை தொலைத்திருப்பார்? எனவே இலாகாவுக்குப் போன் செய்வது ஒரு தனி வழியாகவே ஆகாது. அதற்கு முன்னால் யாரோ ஒருவர் கையைப் பிடித்து, அடையாளக் கார்டு கொடுக்கும் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. சிவப்புக் கார்டுக்காரருக்கு அதுவும் பயன்படாது. குடியுரிமை இல்லாதவருக்கு இந்தத் தொகையும் இல்லை, முதியோர் இல்லமும் இல்லை. அவருடைய விஷயத்தில் எங்களை விட்டால் ஆளில்லை.

பெரிய அமைப்புகளிடம் கொடுப்பது

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கோலாலம்பூரில் கெச்சாரா சூப் கிச்சன், பெர்த்திவி போன்றவை பல ஆண்டு அனுபவத்தோடு இயங்குகின்றன. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிக்கழிவும் உண்டு. தனிநபருக்கு மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு என்பது அதன் வரம்பு. எங்கள் ரசீதுப் புத்தகத்துக்கு அந்த மதிப்பில்லை. பெரிய தொகை தர நினைக்கும் டாக்டர், வழக்கறிஞர் யாராவது கேட்டால் அந்த அமைப்புகளிடமே நேராகக் கொடுங்கள் என்று நான் சொல்வேன். ஆனால் அவர்களுடைய வேன் சுங்கை சிப்புட் ஐந்தடிப் பாதைக்கு வராது. நம் ஊர்க்காரர்கள் நம் ஊரில் தினமும் பார்க்கும் முகங்களுக்காக டின்னில் போட்ட பணம் இது.

அறை பிடித்துக் கொடுப்பது

அக்கா சொன்ன வழி. இதில் எங்களுக்கு ஓர் அனுபவம் ஏற்கெனவே உண்டு, ஒரு வெற்றி, ஒரு தோல்வி. போன ஆண்டு நாங்கள் நான்கு பேர் சொந்தப் பையிலிருந்து போட்டு இருவருக்கு அறை எடுத்துக் கொடுத்தோம்.

டவுனில் ஓர் அறை மாதம் 250 வெள்ளிக்குக் கிடைக்கும். கேட்கும் முன்பணம் வழக்கம்போல் இரண்டு மாத வைப்பு, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக 875 வெள்ளி. அரசாங்கத்தின் பி.பி.ஆர் அடுக்குமாடி வீடுகளில் வாடகை 124 வெள்ளிதான் என்றாலும், நினைத்த மாதத்தில் போய்க் குடியேறும் இடம் அது இல்லை. பணத்தைவிடக் கடினமானது வீட்டுக்காரர். மூன்று பேர் முகத்தைப் பார்த்தே இல்லை என்றார்கள். நாலாமவர், ஒப்பந்தத்தில் உன் பெயரைப் போட்டால் தருகிறேன் என்றார். போட்டேன்.

முதலில் போனவர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். சாவியைக் கையில் கொடுத்த இரவு அறைக்குள் பூட்டிக்கொள்ளவில்லை. கட்டிலில் ஏறவும் இல்லை. கதவைத் திறந்து வைத்து, வாசற்படிக்கு அருகில் சிமெண்டுத் தரையில் தலையை வெளியே பார்த்து வைத்துப் படுத்திருந்தார். யாராவது உதைத்தால் எழுந்து ஓட வசதியாக ஒன்பது ஆண்டு தூங்கிய உடம்பு அது. ஒரு மாதம் கழித்துப் போனபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினோம். "யார்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். அந்தக் குரலில் இருந்த அதட்டலை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இப்போது செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. ஆறாம் மாதத்திலிருந்து வாடகையை அவரே கட்டுகிறார். ஏழு பேர் கணக்கில் அவர் இல்லை.

இரண்டாமவர் சம்சுக்காரர். மூன்றாம் வாரம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். அறையில் தனியாக இருந்தால் காதில் பேச்சுக் கேட்கிறது என்றார். கதவின் கீல் உடைந்திருந்தது, வைப்புத்தொகை போயிற்று. வீட்டுக்காரர் என்னைத் திட்டியதில் பாதி நியாயம். எங்கள் தவறு, சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தது. வாரம் இருமுறை போய் உட்கார்ந்து பேச ஆள் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். பின்லாந்து 2008 முதல் இந்த வழியில்தான் போகிறது: முதலில் குடியைவிடு, பிறகு வீடு என்று நிபந்தனை போடாமல், முதலில் வீடு, கூடவே உதவியாளர். அங்கே வீடற்றோர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. அவர்களிடம் அரசாங்கம் இருக்கிறது, எங்களிடம் டின் இருக்கிறது என்று செயலாளர் கிண்டல் செய்தார். ஆனால் அவர்களுக்கு ஒரு நாடு, எங்களுக்கு ஏழு பேர்தானே.

அறைக்கு இன்னொரு நன்மை, முகவரி. முகவரி வந்தால் விண்ணப்பம் போடலாம். விண்ணப்பம் போட்டால் 600 வெள்ளி வரக்கூடும். அது வந்தால் வாடகை எங்கள் தலையிலிருந்து இறங்கும். பொட்டலம் எத்தனை கொடுத்தாலும் அடுத்த வாரமும் அதே பொட்டலம்தான் வேண்டியிருக்கும். மேலே சொன்ன வழிகளில் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் வாய்ப்புள்ளது இது ஒன்றுதான்.

பணம் வரும் வழி

வாடகை மாதாமாதம் கேட்கும். அதனால் பணமும் மாதாமாதம் வர வேண்டும். இதை யோசிக்காமல் எந்த வசூல் முறை நல்லது என்று பேசுவதில் பொருளில்லை.

விருந்து நடத்தலாம் என்பது நம் சமூகத்தின் நிரந்தர யோசனை. போன ஆண்டு வேறொரு நற்பணிக்காக முப்பது மேசை போட்டோம். மேசை 500 வெள்ளி, மொத்தம் 15,000. சாப்பாட்டுக்கு மேசைக்கு 350 வீதம் 10,500. மேடை, ஒலிபெருக்கி, மண்டபம் 1,500. மிஞ்சியது 3,000. மூன்று மாத உழைப்பு, இரண்டு நண்பர்களின் மனஸ்தாபம், ஆளுயர அட்டைக் காசோலை ஒன்று. அந்த அட்டைக் காசோலை இன்னும் என் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. கோழிக்கூண்டுக்கு மறைப்பாக நன்றாக உழைக்கிறது.

வீடு வீடாகவும் வீதியிலும் உண்டியல் ஏந்துவதற்கு 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு; போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும், உண்டியலோடு வரும் எல்லாரையும் சந்தேகத்தோடு பார்க்கும் காலம் இது. மக்களைக் குறை சொல்ல முடியாது.

மிக வேகமாகப் பணம் கொண்டுவருவது போட்டோ. முடி வளர்ந்து அழுக்கான முகம் ஒன்று, முடி வெட்டிக் குளிப்பாட்டிய முகம் ஒன்று, பக்கத்தில் நம் முகம். வாட்ஸ்அப்பில் போட்டால் இரண்டே நாளில் நாலாயிரம் வரும். நாங்களும் ஒருமுறை எடுக்கப் பார்த்தோம். ஓர் ஐயா கையால் முகத்தை மறைத்து, "மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் பார்த்துவிடுவார்கள்" என்றார். சுங்கை பட்டாணியில் மகள் இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. போனைப் பையில் வைத்தோம். வேகமான பணம்தான், ஆனால் அதற்கான விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

என் தேர்வு, ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி. இந்த ஊரில் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அப்போதைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மரம் சீவுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது, பிறகு இன்னும் பல தோட்டங்களை வாங்கியது. அன்றைய பத்து வெள்ளியின் கனத்தை இன்றைய பத்து வெள்ளியோடு ஒப்பிடவே முடியாது. இன்று அது இரண்டு தோசை, ஒரு தே தாரிக்.

முதல் சுற்றில் 92 பேர் சம்மதித்திருக்கிறார்கள். மாதம் 920 வெள்ளி. கோயில் நிர்வாகத்தின் பெயரில் உள்ள பதிவுபெற்ற கணக்குக்கே டூயிட்நவ் கியூஆர் (போனில் பணம் செலுத்தும் முறை) வழியாக நேராகப் போகும். முன்பு என் சொந்தக் கணக்கில்தான் போட்டு வைத்திருந்தேன்; என் மனைவிக்கு அது ஒரு நாளும் பிடிக்கவில்லை. அவள் சொன்னது சரி. மாதாந்தர வரவு செலவுத் தாள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், பெயர்கள் இல்லாமல்.

அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோன தாளில் இருந்தது இவ்வளவுதான். மூன்று பேருக்கு அறை: கார் கழுவுகிறவர், அறுபதைத் தாண்டிய இருவர். முன்பணம் 2,625 போக டின்னில் 8,835 இருக்கும். பிறகு மாத வாடகை 750, மீதி நான்கு பேருக்குக் கடைச் சாப்பாடு 840, மொத்தம் 1,590. வரவு 920. துண்டு விழும் 670-ஐ டின்னிலிருந்து எடுத்தால் பதின்மூன்று மாதம் வரும். அதற்குள் இரு முதியவர்களுக்கும் உதவித்தொகை கிடைத்துவிட்டால் இன்னும் இருவருக்கு இடம் உண்டு. பஸ் நிலையத்து அம்மாவுக்குத் தனி அறை இப்போது வேண்டாம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவரே கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். அதில் நான் தலையிடவில்லை. சனிக்கிழமை அண்டாவை ஆண்டுக்கு இருமுறை மட்டும் எடுப்பது என்று முடிவானது. சமையல் அண்ணன் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரேதான் அறை பார்க்கத் தன் வேனை எடுத்து வந்தார்.

சம்சுக்காரரைப் பற்றி முடிவெடுக்கவில்லை. அவருக்காக ஒப்பந்தத்தில் மறுபடி என் பெயரைப் போட எந்த வீட்டுக்காரரும் ஒப்புவார் என்று தோன்றவில்லை. சாப்பாட்டுக் கடைக் கணக்கில் அவர் பெயர் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் போய் உட்கார்ந்து பேசுகிறேன்.

நாளை காலை பதிவிலாகாவுக்கு முதல் பயணம். கார்டைத் தொலைத்த ஐயா நேற்று இரவே கேட்டார், படம் எடுக்கக் காலர் வைத்த சட்டை வேண்டுமாமே என்று. என்னுடையது அவருக்குத் தொளதொளவென்று இருக்கும். செயலாளருடையது இறுகும். சமையல் அண்ணனுடைய தீபாவளிச் சட்டை ஒன்று சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் ஏழு மணிக்கு அவர் வீட்டில் நிற்க வேண்டும்.